தடையும் வெட்கமும்

ஒரு வட்டார வழக்கு எப்போது அழிகிறது? ஆள்வோர் தடை போட்டால் அழியும் என்றே நினைக்கிறோம். டென்மார்க்கின் வரலாறு வேறு பாடம் சொல்கிறது.

சுமார் 60 லட்சம் பேர் வாழும் சின்ன நாடு அது. ஒரு காலத்தில் அங்கே ஊருக்கு ஊர் பேச்சு மாறும். 'அந்த வீடு' என்று சுட்ட, யூட்லாந்து தீபகற்பத்தின் மேற்குப் பகுதி விவசாயி 'எ ஹூஸ்' என்பார். சுட்டு முன்னால் நிற்கும். கோபன்ஹேகன்காரர் 'ஹூசெத்' என்பார். சுட்டு சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். பால்டிக் கடலில் தனித்துக் கிடக்கும் போர்ன்ஹோம் தீவின் வழக்கில் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால். பொது டேனிஷில் இரண்டு. மேற்கு யூட்லாந்திலோ பால் வேறுபாடே இல்லை. இவற்றைக் கொச்சை என்று எப்படித் தள்ளுவது? ஒவ்வொன்றும் முழுமையான இலக்கணம் உடையது. அந்த அருமை தெரிந்த ஃபைல்பெர்க் என்ற பாதிரியார், யூட்லாந்தின் எளிய மக்கள் பேசிய சொற்களை அகராதியாகத் தொகுத்தார். 1886-இல் வெளிவரத் தொடங்கிய அது 1914-இல்தான் நிறைவடைந்தது.

1864 போரில் டென்மார்க் தோற்றது. தெற்கு யூட்லாந்து, ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் கைக்குப் போனது. 1888-இல் அங்கே பள்ளிமொழி ஜெர்மன் என்று ஆணை வந்தது; சமயப் பாடத்துக்கு மட்டும் வாரத்தில் சில மணி நேரம் டேனிஷ். பிள்ளைகள் பள்ளியில் ஜெர்மன் படித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தங்கள் ஊர்ப் பேச்சையே பேசினார்கள். ஜெர்மனி பக்கம் மனம் சாய்ந்த குடும்பங்கள் பலவற்றிலும் அதுவே வீட்டுமொழி. எந்த நாட்டோடு சேர்வது என்று 1920-இல் நடந்த வாக்கெடுப்பில் அந்தப் பகுதியில் வாக்களித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் டென்மார்க்கைத் தேர்ந்தெடுத்தார்கள். தெற்கு யூட்லாந்து வழக்கு இன்றும் நாட்டிலேயே வலுவாக வாழும் வழக்குகளில் ஒன்று.

தலைநகர் கோபன்ஹேகன் இருக்கும் ஷேலாந்து தீவில் எந்த அந்நியனும் தடை போடவில்லை. சொந்த அரசு, சொந்தப் பள்ளி, 1925 முதல் சொந்த வானொலி. ஆனால் அங்கேதான் பழைய வழக்குகள் ஏறக்குறைய மறைந்துபோயின. வேலை தேடி நகரத்துக்குப் போனவர்களுக்கு ஊர்ப் பேச்சு பட்டிக்காட்டு அடையாளமாகப் பட்டது. பிள்ளையைப் பார்த்து நாலு பேர் சிரிக்கக் கூடாது என்று பெற்றோரே பேச்சை மாற்றிக்கொண்டார்கள். அன்பினால் செய்த காரியம்தான் அது. விளைவு மட்டும் ஆணையைவிடக் கொடியதாக முடிந்தது.

பொதுமொழி வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. சட்டத்துக்கும் கல்விக்கும் பிழைப்புக்கும் அது வேண்டும். ஆனால் ஒன்றைக் கற்க மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை. தெற்கு யூட்லாந்துப் பிள்ளைகள் இரண்டையும் நாவில் வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து வரும் தடை மனிதனுக்கு ரோஷம் ஊட்டுகிறது. அவன் தன் பேச்சை இறுகப் பற்றிக்கொள்கிறான். உள்ளே முளைக்கும் வெட்கமோ அந்தப் பிடியைத் தானாகவே தளர வைக்கிறது. அதை எதிர்த்துப் போராட எதிரி என்று யாரும் இல்லை.

வட்டார வழக்கைக் காக்க அகராதி வேண்டும், ஒலிப்பதிவு வேண்டும், ஆய்வும் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அதைக் கூசாமல் பேசும் ஒரு தாயோ தகப்பனோ வேண்டும். உங்கள் பிள்ளையிடம் உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுங்கள். நீங்கள் கூச்சப்படாத வரை அதை யாராலும் அழிக்க முடியாது.