வெள்ளிக் காலணி தரும் உபதேசம்

(பெற்றோரும் பிள்ளைகளும் கூடிய வார வழிபாட்டில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது புராணக் கதை அல்ல. அமெரிக்காவில் 1900-இல் வெளிவந்த ஒரு சிறுவர் கதை. ‘ஓஸ் நாட்டு அற்புத மந்திரவாதி’ என்று பெயர். எழுதியவர் எல். ஃபிராங்க் பாம்.

இந்தக் கதைக்கு ஆன்மிக மேடையில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். பாமும் அவர் மனைவியும் 1892-இல் பிரம்மஞான சபையில் சேர்ந்தவர்கள். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய அவருடைய மாமியார் மாடில்டா ஜோஸ்லின் கேஜ் அதற்கு முன்பே அந்தச் சபையின் உறுப்பினர். நியூயார்க்கில் 1875-இல் தொடங்கிய அந்தச் சபைதான் பிறகு நம் சென்னை அடையாறுக்குத் தலைமையகத்தை மாற்றிக்கொண்டது. கர்மம், மறுபிறவி ஆகிய நம் நாட்டுச் சிந்தனைகளை மேல்நாட்டு வீடுகளுக்குக் கொண்டுபோன சபை அது. குழந்தைகளை மகிழ்விக்கவே எழுதினேன் என்று பாம் முன்னுரையில் சொல்லிவிட்டார். அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் சாதகன் ஒருவன் படித்தால், அந்தக் கதைக்குள் அவனுக்கென்று ஒரு பாடம் காத்திருக்கிறது.

கதை இதுதான். கான்சஸ் என்ற வறண்ட மாநிலத்தில் டோரத்தி என்று ஒரு சிறுமி. சூறாவளி அவளையும் அவளுடைய நாய்க்குட்டி டோட்டோவையும் வீட்டோடு தூக்கிக்கொண்டுபோய் ஓஸ் நாட்டில் போடுகிறது. வீடு விழுந்ததில் ஒரு கொடிய சூனியக்காரி இறக்கிறாள். அவளுடைய வெள்ளிக் காலணிகள் டோரத்திக்குக் கிடைக்கின்றன. ஊர் திரும்ப வழி கேட்கிறாள் குழந்தை. மரகத நகரத்தில் ஒரு மகா மந்திரவாதி இருக்கிறான், அவனைப் போய்ப் பார் என்கிறார்கள். மஞ்சள் கல் பாவிய சாலையில் நடக்கிறாள். வழியில் மூன்று பேர் சேருகிறார்கள். மூளை வேண்டும் என்கிறது அவள் கம்பத்திலிருந்து இறக்கிவிட்ட சோளக்கொல்லைப் பொம்மை. இதயம் வேண்டும் என்கிறான் துருப்பிடித்து நின்று, அவள் எண்ணெய் இட்டதும் அசைந்த தகர மரவெட்டி. தைரியம் வேண்டும் என்கிறது சிங்கம்.

இல்லை என்று அழுதவர்கள்

இந்த மூவரையும் கூர்ந்து பாருங்கள். வழியில் ஒரு பெரும் பள்ளம். மரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்தால் பாலமாகும் என்று யோசனை சொன்னது யார்? மூளையில்லாத பொம்மை! கொடிய மிருகங்கள் துரத்தி வந்தபோது திரும்பி நின்று கர்ஜித்தது யார்? கோழை என்று தன்னையே நொந்துகொண்ட சிங்கம்!

தகர மரவெட்டியின் கதை இன்னும் உருக்கமானது. நடக்கும்போது தெரியாமல் ஒரு வண்டை மிதித்துவிடுகிறான். அது செத்துப்போகிறது. அழுகிறான். கண்ணீர் வழிந்து தாடை துருப்பிடித்து வாய் திறக்க முடியாமல் போகிறது. அதன்பின் ஓர் எறும்பைக்கூட மிதிக்காமல் தரையைப் பார்த்துப் பார்த்து நடக்கிறான். இதயம் உள்ளவர்களுக்கு அது வழிகாட்டும், எனக்கு இதயமில்லை, ஆகவே நான்தான் கவனமாக இருக்க வேண்டும் என்கிறான். வள்ளலார் சொன்ன ஜீவகாருண்யம் வேறு என்ன? தன்னிடம் அருள் இல்லை என்று நினைப்பவனிடம்தான் அருள் நிறைந்திருக்கிறது.

மூவரும் தங்களிடம் இருப்பதைக் கண்டது எப்போது? தங்களுக்காக முயன்றபோது அல்ல. கூட வந்தவர்க்கு ஆபத்து வந்தபோது. உள்ளே உறங்கும் ஆற்றல் பிறர் துன்பம் கண்டால் எழுந்துவிடுகிறது.

மந்திரவாதியின் திரை

மரகத நகரத்தின் வாசலில் காவலன் எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டி, பூட்டிச் சாவியை வைத்துக்கொள்கிறான். கண்ணாடி பச்சை; ஆகவே நகரம் பச்சை. மாயையைக் குழந்தைகளுக்கு விளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. மந்திரவாதியோ ஒருவருக்குப் பெரிய தலையாகவும், ஒருவருக்கு அழகிய பெண்ணாகவும், ஒருவருக்குக் கொடிய விலங்காகவும், ஒருவருக்கு நெருப்புப் பந்தாகவும் காட்சி தருகிறான். நான்கு பேரும் நடுங்குகிறார்கள். கடைசியில் டோட்டோ தட்டி மறைப்பைத் தள்ளிவிட, அங்கே நிற்பவன் ஒரு வயோதிகன். ஓமாஹா ஊரிலிருந்து பலூனில் வழிதவறி வந்த சர்க்கஸ்காரன்.

யாராலும் முடியாததையெல்லாம் செய்யச் சொல்லி மக்களே என்னைக் கேட்கும்போது நான் ஏமாற்றாமல் என்ன செய்வேன் என்று அவன் நினைத்துக்கொள்கிறான். அன்பர்களே, போலி குருவைப் பழிக்கிறோம். அவன் முன்னே வரிசையில் நின்று அற்புதம் கேட்டவர்கள் யார்? தவிட்டில் ஊசி கலந்து மூளை என்றும், பட்டுத் துணியில் மரத்தூள் அடைத்து இதயம் என்றும் கொடுக்கிறான், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறார்கள். 1939-இல் எம்.ஜி.எம். எடுத்த திரைப்படத்தில் மூவரின் பரிசுகளும் பட்டச் சான்றிதழ், இதய வடிவக் கடிகாரம், பதக்கம் என்று மாறின. பொருள் மாறினாலும் உண்மை ஒன்றே. ஏற்கெனவே உள்ளதற்கு அத்தாட்சி தரலாம். இல்லாததை எவராலும் தர முடியாது.

ஏன் முன்பே சொல்லவில்லை?

இனி உரையின் உயிரான இடத்துக்கு வருகிறேன். ஊருக்கு அழைத்துப்போக மந்திரவாதி கட்டிய பலூனும் டோரத்தியை விட்டுவிட்டுப் போய்விட்டது. நல்ல தேவதை கிளிண்டா ரகசியத்தைச் சொல்கிறாள்: ஊர் திரும்பும் ஆற்றல் முதல் நாளிலிருந்தே உன் காலணியில் இருக்கிறது! நெடுவழி நடந்தாலும் தேயாது என்றுதான் குழந்தை அவற்றை அணிந்தாள். கழுத்தில் கிடக்கும் சங்கிலியை வீடெல்லாம் தேடியவளை வேதாந்திகள் உதாரணம் காட்டுவார்கள். அதே நிலைதான்.

அப்படியானால் இத்தனை நடை எதற்கு? இந்தக் கேள்விக்குப் படமும் நூலும் வெவ்வேறு விடை தருகின்றன. முதலில் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள், தானே கற்க வேண்டியிருந்தது என்கிறாள் படத்தின் கிளிண்டா. சைவ சித்தாந்தம் இதைப் பக்குவம் என்கிறது. உயிர் பக்குவப்படும்வரை அருள் காத்திருக்கும்.

நூலின் விடை வேறு. அங்கே மூவரும் பேசுகிறார்கள். நீ அன்றே போயிருந்தால் நான் சோளக்கொல்லையிலேயே கிடந்திருப்பேன் என்கிறது பொம்மை. காட்டில் துருப்பிடித்தே நின்றிருப்பேன் என்கிறான் மரவெட்டி. கோழையாகவே வாழ்ந்திருப்பேன் என்கிறது சிங்கம். இவர்களுக்கு நான் உதவியாக இருந்தேனே என்று டோரத்தி மகிழ்கிறாள். அவளுக்கு நேர்ந்த தாமதம் மூவருக்கு விடுதலை ஆயிற்று!

படத்தின் விடை நம்மைத் திருத்தும். நூலின் விடை நம்மைத் தொண்டர் ஆக்கும். இரண்டாவதே பெரிது என்பது என் முடிவு. ஒன்று மட்டும் படத்தின் பக்கம் சொல்ல வேண்டும். நூலில் டோரத்தி, தன் காலணி ஒன்றைப் பறித்த இன்னொரு சூனியக்காரி மீது கோபத்தில் தண்ணீரை வீசுகிறாள், அவள் கரைந்துபோகிறாள். படத்தில் பொம்மையின் கையில் பற்றிய தீயை அணைக்க வீசிய தண்ணீர் அவள்மேல் படுகிறது. தோழனைக் காக்க எழுந்த செயலிலேயே தீமை அழிகிறது. அங்கே படம் நூலை விஞ்சிவிடுகிறது.

படத்தில் டோரத்தி கண்விழிக்கிறாள், எல்லாம் கனவு. நூலில் அவள் மெய்யாகவே திரும்புகிறாள், வெறுங்காலுறையோடு. வழியில் பாலைவனத்தில் காலணிகள் விழுந்துவிட்டன. வேலை முடிந்ததும் சித்தி விலகிவிட்டது. அவள் அதைத் தேடவும் இல்லை. ‘எம்’ என்ற தன் சின்னம்மாவின் மடிக்கு ஓடுகிறாள்.

பெற்றோர்களே, இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டுங்கள். படத்தையும் கூட அமர்ந்து பாருங்கள். பிள்ளைகளே, உனக்குப் புத்தி இல்லை, தைரியம் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பெரியோர்களே, எத்தனை ஆண்டு வேண்டியும் இறைவன் இன்னும் வழி காட்டவில்லையே என்று வருந்துகிறீர்களா? நீங்கள் நடக்கும் சாலையோரத்தில் கம்பத்தில் தொங்குபவன் யார், துருப்பிடித்து நிற்பவன் யார் என்று பாருங்கள். தொங்குபவனை இறக்கிவிட்டு, துருப்பிடித்தவனுக்கு எண்ணெய் இட்டு, கூட அழைத்துக்கொண்டு நடங்கள். உங்களுக்கு இட்ட வேலை அதுவாகவே இருக்கக்கூடும்.