சாரி என்னும் சொல்

ஆங்கிலம் பயிலாத நம்மவரும் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் சில உள. அவற்றுள் 'சாரி' என்பது ஒன்று. பேருந்தில் பிறர் காலை மிதித்தவர் சாரி என்கிறார். கேட்ட பொருள் கடையில் இல்லையெனினும் சாரி. சொன்னது செவியில் விழவில்லையெனினும் சாரி. இழவு வீட்டிலும் அதே சொல்தான்! கால் மிதிபட்டவருக்கும் தாயை இழந்தவருக்கும் ஒரே சொல்லா என்று வியக்க வேண்டா. ஆங்கிலேயர் வழக்கும் இதுவே.

அச்சொல்லின் வேர் பழைய ஆங்கிலத்தில் நோவு, புண் எனப் பொருள்படும். துயரத்தைக் குறிக்கும் 'சாரோ' என்பதனோடு ஒலி ஒத்திருப்பினும் பிறப்பால் அது வேறு. நம் மொழியில் 'நொந்தேன்' என்பதே இதற்கு நேரான சொல். நொந்தேன் என்பவன் தன் உள்ளத்தின் நிலையைக் கூறுகிறான். பிழை தன்னுடையது என்று கூறினானல்லன். இழவு வீட்டில் சாரி என்பவர் கொன்றவர் அல்லர் அன்றோ? ஆகவே, குற்றம் செய்தவனும் செய்யாதவனும் ஒருங்கே ஒதுங்கத்தக்க நிழல் இச்சொல்லில் உண்டு. அந்நிழலில் ஒதுங்குதல் அறமாகுமா என்பதே நம் வினா.

ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை, அந்நாட்டு முதற்குடி மக்களின் பிள்ளைகள் பலர் பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்டு, விடுதிகளிலும் வெள்ளையர் இல்லங்களிலும் வளர்க்கப்பட்டனர். 1997இல் இதுபற்றிய விசாரணை அறிக்கை வெளியாயிற்று. 1999இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் பாராளுமன்றத்தில் வருத்தம் தெரிவிக்கும் தீர்மானம் கொண்டுவந்தார். ஆயினும், அரசின் பேரால் 'சாரி' என்று உரைக்க உடன்பட்டாரிலர். முற்காலத்தவர் செயலுக்கு இக்காலத்தவர் பொறுப்பேற்பது எங்ஙனம் என்பது அவர் வாதம். பொருளற்ற சிறு சொல் எனின், அதைச் சொல்ல ஒரு பிரதமர் அவ்வளவு தயங்குவானேன்? 2008 பிப்ரவரி 13ஆம் நாள், அவருக்குப் பின்வந்த கெவின் ரட் அதே மன்றத்தில் எழுந்து, சட்டங்களாலும் கொள்கைகளாலும் அரசு இழைத்த தீங்கு இன்னதெனக் கூறி, அச்சொல்லைச் சொன்னார். பறிக்கப்பட்ட பிள்ளைகள் முதியோராய் அமர்ந்து கேட்டு அழுதனர். அன்று இழப்பீடு வழங்கப்படவில்லை என்பதும் மறத்தற்குரியதன்று.

நம்மிடம் வருவோம். மேலதிகாரியிடம் பத்து முறை சாரி சொல்லும் வாய், மனைவியிடமும் வேலையாளிடமும் ஊமையாகிவிடுகிறது. சொல்ல நேரின் ஆங்கிலத்தில் சொல்லித் தப்புகிறோம். தமிழில் சொன்னால் நா கூசுகிறதே!

இதை எழுதும் நானும் தப்பினவனே. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து வீட்டு வேலை செய்து பிழைத்த மூதாட்டி ஒருவர் என் வீட்டில் இருந்தார். ஒருநாள் நண்பர் நால்வர் வந்திருந்தபோது, மேசைமீது வைத்த 50 வெள்ளியைக் காணேன். அவர் எதிரிலேயே, "அக்கா, நீங்கள்தான் எடுத்தீர்கள்" என்றேன். இரண்டு நாள் கழித்து அப்பணம் ஒரு புத்தகத்தினுள் கிடந்தது. அடுப்பங்கரைக்குச் சென்று, "சாரி அக்கா" என்று மெல்லச் சொன்னேன்.

அவர் பாத்திரம் கழுவுவதை நிறுத்தாமல், "நாலு பேர் முன்னால திருடின்னீங்க தம்பி. இங்க வந்து காதோட சொல்றீங்களே" என்றார்.

எனக்குச் சினமே முதலில் வந்தது. சொல்லியாயிற்றே, இன்னும் என்ன வேண்டும் என்று எண்ணினேன். இரண்டு இரவு உறக்கமில்லை. அடுத்த வாரம் அந்நால்வரையும் அழைத்தேன், மூவர் வந்தனர். அவர்கள் எதிரில் அவரை நிற்கச் செய்யாமல் நாற்காலியில் அமர்த்தி, "உங்கள்மேல் நான் கூறியது பொய், பிழை என்னுடையது" என்று தமிழில் சொன்னேன். ஐம்பது வெள்ளியினும் மிகப் பெரிய தொகையைக் கொடுப்பதுபோல் இருந்தது. கேட்டுக்கொண்டு, தேநீர்க் குவளைகளை எடுத்துச் சென்றார். அடுத்த மாதம் வேறொரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். வராத நண்பரிடம் இன்னும் நான் சொல்லவில்லை.