விருந்தாளியா, அண்டை வீட்டாரா?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்து வீடுகளில் விருந்தினருக்குக் குறைவிராது. அருவியில் குளிக்க வந்த உறவினருக்கு ஆக்கிப் போடுவதில் நம் தாய்மார்கள் சலிப்பதில்லை. விருந்தினரின் உரிமை மூன்று நாள், அதற்கு மேல் கொடுப்பது தர்மம் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. அப்படியானால், நாற்பது ஆண்டுகளாக நம்மிடையே தங்கியிருப்போருக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை என்ன?

கடையநல்லூரை அடுத்த போகநல்லூரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் உயிருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்தோருக்காக, இத்தகைய முகாம்கள் தமிழகமெங்கும் அமைக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவ்வாண்டு தமிழக அரசு இவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயரிட்டது. குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகையை 1,500 ரூபாயாக உயர்த்தியது. பழுதடைந்த வீடுகளுக்குப் பதில் புது வீடுகள் கட்டித் தரவும் முன்வந்தது. பாராட்டத்தக்க காரியங்களே!

ஆயினும், இம்மண்ணிலேயே பிறந்து, இங்குள்ள பள்ளியிலேயே படித்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்நாட்டுக் குடியுரிமை கிடையாது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் முஸ்லிம்களை விலக்கியதை நாம் பேசினோம், வருந்தினோம். இலங்கையிலிருந்து வந்த இம்மக்களும் அதே சட்டத்தில் விடுபட்டதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

“சட்டத்தை மாற்ற நம்மால் ஆகுமா?” என்று கேட்கலாம். மதீனாவைப் பாருங்கள். மக்காவில் அனைத்தையும் விட்டுவிட்டு வந்த அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். அன்னவரோ துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். அகதி கேட்பது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? சோறு ஒரு நாள் பசியை ஆற்றும். கடைவீதிக்கு வழி காட்டுவதோ ஒரு மனிதனின் மானத்தைக் காக்கும்.

இங்கே சிலர் நெஞ்சில் ஒரு முள் உறுத்தும். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணம் உள்ளிட்ட வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றவில்லையா? யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசமே தரப்பட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் புத்தளத்து முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாடினர். அது மறுக்க முடியாத அநீதிதான். ஆனால் துப்பாக்கி ஏந்தியவன் செய்த பாவத்தை, அதே போருக்கு அஞ்சிப் பிள்ளையைச் சுமந்து படகேறிய தாயின் தலையில் ஏற்றுவது எந்த நீதி? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறும்படி உங்களைத் தூண்ட வேண்டாம் என்று திருமறை எச்சரிக்கிறது. இணைவைப்பவரே அபயம் தேடி வந்தாலும், அபயமளித்து, அச்சமற்ற இடத்தில் சேர்த்துவிடுமாறும் அது கட்டளையிடுகிறது. அபிசீனியாவுக்கு ஓடிய முஸ்லிம்களைக் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியும் மதம் பார்த்துக் காக்கவில்லை. குறைஷியரின் காணிக்கைகளைத் திருப்பியனுப்பி, அடைக்கலம் தேடியவர்களை ஒப்படைக்க மறுத்தார்.

சகோதரர்களே! நாற்பது ஆண்டு தங்கியவர் விருந்தாளி அல்லர், அண்டை வீட்டார். விருந்தினரின் உரிமைக்கு நாள் கணக்குண்டு. அண்டை வீட்டாரின் உரிமைக்குக் கணக்கில்லை. ஜிப்ரீல் (அலை) அண்டை வீட்டாரைப் பற்றி இடைவிடாது வலியுறுத்தியதால், அவரைச் சொத்துக்கும் வாரிசாக்கிவிடுவாரோ என்று பெருமானார் (ஸல்) எண்ணினார்களே!

ஆகவே, வீட்டுக்கு வெள்ளையடிக்க வரும் முகாம்வாசிக்கு ஊர்க்கூலியை ஒரு ரூபாயும் குறைக்காமல், வியர்வை உலருமுன் கொடுங்கள். கடையில் வேலை கேட்டு வரும் இளைஞனை, முகாம் என்றவுடன் திருப்பி அனுப்பாதீர்கள். படிக்கும் பிள்ளைக்குக் கட்டணம் குறையுமானால் ஜமாஅத்தில் பேசுங்கள். இவற்றுக்குச் சட்டம் மாறவேண்டியதில்லை, மனம் மாறினால் போதும்.

ஹிஜ்ரத்தைக் கொண்டு ஆண்டைக் கணக்கிடும் சமுதாயம் நாம். நாடிழந்து வந்தவரின் ஹக்கை மறவாதிருக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.