மருந்தின் தொகையும் மருத்துவ அறமும்

உளநோய்க்கு ஒருங்கே பல மருந்துகள் வழங்குவது அறமாகுமா? 1952இல் உளமருத்துவத்தில் குளோர்புரோமசீன் இடம்பெற்றது. அது விளைக்கும் நடுக்கத்தையும் விறைப்பையும் தணிக்கப் பென்செக்சோல் சேர்க்கப்படுவதுண்டு. அதுவோ நாவறட்சியையும் மறதியையும் தரவல்லது. ஒன்றன் தீங்கை மற்றொன்று தணிக்குமிடத்து அச்சேர்க்கை குற்றமன்று. தேவை நீங்கிய பின்னும் தொடர்வதே குற்றம்.

சிங்களம் பெருவழக்காயுள்ள கலவான பகுதியில், தோட்டத் தமிழ்த் தொழிலாளி ஒருவர் தாம் விழுங்கும் குளிசை ஒவ்வொன்றும் எதற்கென்று தம் மொழியில் அறியாவிடின், உடலில் நேரும் மாற்றத்தை எங்ஙனம் எடுத்துரைப்பார்? உரையாதவிடத்துப் பக்கவிளைவு புதுநோயாகத் தோன்றும். மேலுமொரு மருந்து சேரும்.

மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் வள்ளுவர் நோயாளியையே முதலில் வைத்தார், மருந்து மூன்றாவதே. ஆதலின், கூட்டுமுன் விளக்குவதும், குறைக்கலாமா எனக் காலந்தோறும் ஆராய்வதும் மருத்துவர் காட்டும் அருளன்று, அவர்தம் கடன்.