சிலுவை சுமந்த மான்

ஐரோப்பிய வேட்டைத் துப்பாக்கிகளைச் சேகரிக்கும் ஒருவர், பழைய ரைபிள் ஒன்றுக்கு விலை பேச அமரும்போது முதலில் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்தால், அவருடைய சாஸ்திரம் எவ்வளவு தூரம் சந்தேகத்தின்மேல் கட்டப்பட்டது என்பது விளங்கும். அவர் அதைத் தோளில் ஏற்றிக் குறி பார்ப்பதில்லை. வால்நட் மரக் கட்டையின் மினுமினுப்பை மெச்சுவதுமில்லை. அதைக் கவிழ்த்துப் போட்டு, கட்டையையும் இரும்பையும் பிணைத்திருக்கும் திருகுகளின் தலையைப் பூதக்கண்ணாடியால் பார்க்கிறார். பள்ளம் சிதைந்திருந்தால், பழக்கமில்லாத கை ஒன்று உள்ளே புகுந்து வந்திருக்கிறது என்று அறிந்துகொள்கிறார். பிறகு கடைக்காரரின் சம்மதத்தோடு குழலைக் கட்டையினின்றும் பிரித்து, மரத்துக்குள் இத்தனை காலமும் மறைந்து கிடந்த அடிப்புறத்தை விளக்கருகே கொண்டுபோகிறார். துப்பாக்கியின் ஜாதகம் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

வியன்னாவில் ஒரு கடையில், ஆஸ்திரிய நண்பர் ஒருவர் இவ்வாறு ஒரு துப்பாக்கியின் ஜாதகத்தைக் கணித்துக்கொண்டிருந்தபோது நான் அருகில் இருந்தேன். மௌஸர் பொறியமைப்பைக் கொண்டு ஜெர்மனியின் ஸூல் நகரத்தில் செய்யப்பட்ட வேட்டை ரைபிள் அது. ஜெர்மனியில் 1891-ஆம் ஆண்டுச் சட்டம் 1893-ல் நடைமுறைக்கு வந்தபின், விற்பனைக்குச் செல்லும் குழல்கள் சோதனைச் சாலையில் வழக்கத்துக்கு மிஞ்சிய வேகமுள்ள மருந்து நிரப்பிச் சுடப்பட்டு, பிளவாமல் தப்பிய பின்னரே கிரீடம் தாங்கிய எழுத்துக்களைப் பெற்றன. கிரீடத்தின் கீழ் ‘பி’ என்றால் சுட்டுச் சோதித்தது; ‘யு’ என்றால் கண்ணால் பரீட்சித்துத் தேர்ந்தது; ‘ஜி’ என்றால் உள்ளே சுழல்வரி வெட்டிய குழல். 1940-ல் கிரீடம் போய்க் கழுகு வந்தது. ஆகவே, கழுகு பொறித்த குழலைக் காட்டி, ‘என் பாட்டனார் 1910-ல் வாங்கியது’ என்று ஒருவர் சொன்னால், பாட்டனார் மேல் பழியில்லை. குழல் பிற்பாடு மாற்றப்பட்டிருக்கவேண்டும், அல்லது மறுசோதனைக்குச் சென்றிருக்கவேண்டும், அல்லது பேரனுடைய ஞாபகம் பிசகியிருக்கவேண்டும். குழல், அதைத் தாங்கும் பெட்டி, போல்ட் ஆகிய மூன்றிலும் ஒரே எண் இருந்தால் அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். எண்கள் வேறுபட்டால், எவ்வளவு அழகாய்ப் பொருந்தியிருந்தபோதிலும், அது கதம்பம்தான். விலையும் அதற்குத் தக்கபடி இறங்கிவிடும்.

இன்னும் ஒரு பரீட்சை உண்டு. இதில் தவறினால் இழப்பது பணம் மட்டுமன்று. எட்டு மில்லிமீட்டர் மௌஸர் தோட்டா என்று பொதுவாகப் பேசப்படுவதில் இரண்டு வம்சங்கள் இருக்கின்றன. 1888-ல் பிறந்ததன் குண்டு .318 அங்குல விட்டம் உடையது. 1905-ல் வந்த கூர்முனைக் குண்டின் விட்டம் .323 அங்குலம். ராணுவம் புதியதற்கு மாறிய பின்னும், வேட்டைத் துப்பாக்கி செய்வோர் பழைய அளவை நெடுங்காலம் கைவிடவில்லை. தடித்த குண்டை மெலிந்த குழலில் செலுத்தினால் அழுத்தம் அபாயமாக ஏறும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்து. அதையும் நம்பாத நண்பர், எண்ணெய் தடவிய ஈயக் கட்டி ஒன்றைக் குழலுக்குள் மெல்லத் தட்டிச் செலுத்தி, மறுபுறம் வந்து விழுந்ததை அளந்து பார்த்தார். நையாயிகர்கள் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்று பிரமாணங்களை வகுத்தார்களே, கடைக்காரரின் சப்தப் பிரமாணத்துக்கு அந்த மேஜையில் கடைசி இடந்தான் கிடைத்தது.

இவையெல்லாம் முடிந்த பிறகே என் பார்வை தோட்டா அறையின் அடித்தகட்டின்மேல் சென்றது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த எஃகுத் தகட்டில், ஒரு மான் நிற்கிறது. அதன் கொம்புகளுக்கிடையே ஒரு சிலுவை. எதிரே, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மண்டியிட்ட ஒரு வேடன். அவன் பக்கத்தில் ஒரு நாய். வேட்டைக்காரன் துப்பாக்கியை ஒரு கையில் தொங்கவிட்டு நடக்கும்போது, எடை சமனாகும் இடமாகிய அந்தத் தகட்டைச் சுற்றியே அவன் விரல்கள் வளைகின்றன. எத்தனையோ இலையுதிர் காலங்களின் வியர்வையில் எஃகின் நீலம் கரைந்து வெள்ளை கண்டிருந்தது. மண்டியிட்டவனுடைய முகம் முழுவதும் தேய்ந்துபோயிருந்தது. மான் மட்டும் தெளிவாக நின்றது.

மண்டியிட்டவர் புனித ஹூபர்ட். பெரிய வெள்ளிக்கிழமையன்று, ஊரார் கோயிலில் இருக்க, தான் மட்டும் காட்டில் மானைத் துரத்திய பிரபு அவர் என்றும், துரத்தப்பட்ட மான் திரும்பி நின்றபோது அதன் கொம்புகளிடையே சிலுவை ஒளிரக் கண்டு, இறைவன் குரல் கேட்டு, போகங்களைத் துறந்து துறவறம் பூண்டார் என்றும் ஐதிகம் கூறுகிறது. சரித்திரம் கூறுவது இதைவிடச் சுருக்கம்: அவர் லியேஜ் நகரின் முதல் பிஷப்; 727-ல் காலமானார். மானின் கதையோ பல நூற்றாண்டுகள் கழித்து அவர் பெயரோடு சேர்ந்தது. அதற்கு முன் அது யூஸ்டேஸ் என்ற ரோமானியச் சேனைத் தலைவருடைய கதையாக வழங்கிற்று. ஓவியர் ட்யூரர் செதுக்கிய புகழ்பெற்ற செப்புத்தகட்டில் மான் முன் மண்டியிடுபவரும் யூஸ்டேஸ்தான். சேகரிப்பாளர் பாஷையில் சொன்னால், புனிதருக்கும் மானுக்கும் எண் பொருந்தவில்லை. பக்தர்கள் இதற்காக விலையைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது வேறொன்று. மானைக் கொல்லாமல் நிறுத்திய ஒருவர், மானைக் கொல்வோர் அனைவருக்கும் காவல் தெய்வமானது எவ்வாறு? அதுவுமன்றி, அவர் பிஷப்பாக வீற்றிருந்த லியேஜ் நகரமே ஐரோப்பாவின் துப்பாக்கித் தொழிலுக்குத் தலைநகரங்களில் ஒன்றாயிற்று. அங்கே குழல்களைச் சுட்டுச் சோதிக்கவேண்டுமென்ற கட்டளை 1672-ல் பிறந்தபோது, அதைப் பிறப்பித்தவர் நாட்டையும் திருச்சபையையும் ஒருங்கே ஆண்ட இளவரசப் பிஷப் மாக்ஸிமிலியன் ஹென்ரி. அதாவது, ஹூபர்ட்டின் ஆசனத்துக்கு வாரிசு. அந்நகரத்துப் பரீட்சகர்கள் குழலில் இடும் முத்திரைகளில் ஒன்று ‘பெரோன்’ என்னும் நகரச் சின்னமான தூண். அத்தூணின் உச்சியிலும் ஒரு சிலுவை உண்டு. மானின் தலைமேல் ‘கொல்லாதே’ என்று நின்ற அதே அடையாளம், குழலின் மேல் ‘இது நன்றாகச் சுடும்’ என்று நிற்கிறது!

இதைக் கபடம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம்; நானும் அந்த மேஜையருகே முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் நண்பர் சொன்ன ஒரு சம்பிரதாயம் என் அவசரத்தைச் சற்றே தணித்தது. ஜெர்மானிய வேட்டைக்காரர்கள், மான் வீழ்ந்ததும், ஓக் அல்லது பைன் போன்ற மரங்களிலிருந்து ஒரு சிறு கொப்பை ஒடித்து இறந்த பிராணியின் வாயில் வைக்கிறார்கள். அதற்குக் ‘கடைசிக் கவளம்’ என்று பெயர். வாய்க்கரிசி என்ற சொல்லை அறிந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கொன்றவனே கருமம் செய்கிறான். இது பிராயச்சித்தமாகுமா என்றால், ஆகாது என்றே சொல்வேன், உயிர் திரும்புவதில்லை. ஆயினும், தான் எடுத்தது ஓர் உயிர் என்பதையும், அதற்கு ஒரு மரியாதை கடன்பட்டிருக்கிறது என்பதையும் அவன் மறைக்கவில்லை என்பதற்கு அந்தக் கொப்பு சாட்சி. ஹூபர்ட்டின் மானைத் துப்பாக்கியின்மேல் செதுக்கச் சொன்னவனும், தன்மேல் குற்றஞ்சாட்டும் சாட்சியைத் தானே கூட அழைத்துப் போனான் என்று கொள்ள இடமிருக்கிறது. அழகுக்காகச் செதுக்கச் சொன்னவர்கள்தாம் அநேகர் என்பதையும் நான் மறுக்கவில்லை.

வேட்டைக்காரன் கணக்கு இவ்வாறாக, சேகரிப்பாளர் கணக்கு என்ன? அவர் சுடுவதில்லை, வைத்து அழகு பார்க்கிறார். கொல்லப் பிறந்த கருவியைக் கொல்லாமல் பூட்டி வைப்பவருக்கு அதன் பாவத்தில் பங்குண்டா? சமணர்கள் இல்லறத்தாருக்கு விதித்த விரதங்களில் அனர்த்த தண்டம் என்ற பிரிவு ஒன்றுண்டு. பிரயோஜனமின்றிப் பாவம் சேர்க்கும் செயல்களை விலக்குவது அது. வாள், விஷம், நெருப்பு முதலான ஹிம்சைக் கருவிகளைப் பிறருக்குக் கொடுப்பதையும் அவர்கள் அதில் சேர்த்தார்கள். கருவி தானாகப் பாவம் செய்வதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அது ஒரு கையைத் தேடிக்கொண்டேயிருக்கும் என்பது அதைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. இந்த அளவுகோலை வைத்தால் வியன்னாக் கடைக்காரர் தேறமாட்டார். என் நண்பர் தேறுவதும் சந்தேகமே.

‘நான் வாங்குவது கைவினையை, கொலையை அன்று’ என்றார் அவர். இது பாதி உண்மை என்றே எனக்குப் பட்டது. குழலின் அடியில் அவர் ஒரு மணி நேரம் படித்த எழுத்துக்களில் ஒன்றாவது அழகைப் பற்றிப் பேசவில்லை. எவ்வளவு வேகத்தில், எவ்வளவு தடித்த குண்டை, வெடிக்காமல் செலுத்தும் என்பதையே அத்தனையும் பேசின. அந்தப் பொருள் இன்னதென்று அவர் தெளிந்ததே அதன் கொல்லும் திறத்தைக் கொண்டுதான். அப்படித் தெளிந்த பின், அது வெறும் சித்திரவேலை என்று சொல்வதற்கு அவருக்கு நியாயம் இல்லை. இதை நான் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. தகட்டில் தேய்ந்துபோன முகத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு, சற்று நேரம் பேசாமலிருந்தார்.

ஆனாலும் சேகரிப்பாளர்களுக்குள் ஒரு தர்மம் இருக்கிறது. அந்த ஒன்றுக்காக அவர்களை நான் மதிக்கிறேன். பழைய துப்பாக்கியைத் துலக்கக்கூடாது. கட்டையைத் தேய்த்துப் புது மெருகு ஏற்றுவதும், வெளுத்த எஃகுக்கு மறுபடி நீலம் கொடுப்பதும், மழுங்கிய செதுக்கலை மீண்டும் கூர்மையாக்குவதும் அவர்களிடையே மன்னிக்கப்படாத குற்றங்கள். விலை விழும் என்பது வெளிக்காரணம். உள்ளே நியாயம் வேறு: அதைச் சுமந்து காட்டுக்குப் போன கை ஒன்று இருந்தது என்பதை அழிக்க எவருக்கும் பாத்தியதை இல்லை. எல்லாம் புதிதாகப் பளபளக்கும் துப்பாக்கி, ஒன்றையும் கொல்லாத துப்பாக்கியாக நடிக்கும். தேய்ந்தது நடிக்க முடியாது. ஆயுதத்தை வீட்டில் வைத்திருப்பது எனக்கு உவப்பில்லை. வைத்தே தீருவேன் என்பவர் அந்தத் தேய்மானத்தோடு வைத்திருக்கட்டும்.

கடைக்காரர் விற்பனை கைகூடும் மகிழ்ச்சியில், தகட்டை மட்டும் தம்முடைய செதுக்குத் தச்சரிடம் கொடுத்து, புனிதருடைய முகத்தை இரண்டே வாரத்தில் திருத்தி, நீலமும் ஏற்றித் தருவதாகச் சொன்னார். அதற்குத் தனியே கூலி கேட்கவுமில்லை. நண்பர் வேண்டாமென்று சொல்லி, பேசிய விலையைக் கொடுத்து, இருந்தபடியே வாங்கிக்கொண்டார்.