மூன்று வயசும் ஒரு மலையும்

ஆல்ப்ஸ் மலையில் குளிர்காலம் வந்தால் போதும், குடும்பம் குடும்பமாகப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள வந்து இறங்கிவிடுவார்கள். அப்பா, அம்மா, பத்து வயசு அக்கா, குட்டித் தம்பி. நாலு பேருக்கும் சேர்த்து ஒரே வாத்தியார். பெயர் கொடுக்கும்போதுதான் வரும் வம்பு. 'தம்பிக்கு என்ன வயசு?'

பிரான்ஸில் 'பியூ பியூ' என்று குட்டிகளுக்காகவே தனி வகுப்புகள் உண்டு. கோழிக்குஞ்சு கத்துகிற சத்தம்தான் பெயர். 3 வயசிலேயே சேர்த்துக்கொள்வார்கள். வேறு இடங்களில் 4 என்பார்கள், 5 என்பார்கள். பெரியவர்களோடு சேர்ந்த வகுப்பு என்றால் இன்னும் கூடக் கேட்பதுண்டு.

இது நியாயமா? நேற்று 4 முடிந்த குழந்தை உள்ளே. நாளைக்கு 4 முடியப்போகிற குழந்தை வெளியே. இரண்டு நாளில் என்ன கால் வலுத்துவிடப்போகிறது?

ஒன்றும் இல்லைதான். இத்தாலியைப் பாருங்கள். 2005-லிருந்து 14 வயசுக்குட்பட்டவர்கள் பனிச்சறுக்கில் ஹெல்மெட் போட வேண்டும் என்றார்கள். 2022-ல் அதை 18 ஆக உயர்த்தினார்கள். பதினைந்து வயசுப் பையனின் மண்டை ஓடு ஒரே ராத்திரியில் மெலிந்துபோகவில்லை. மாறியது பெரியவர்களின் மனசு. வயது வரம்பு குழந்தையை அளக்கிற கோல் அல்ல. பெரியவர்கள் தங்களுக்கே போட்டுக்கொள்கிற கடிவாளம்.

'மிக்கேலா ஷிஃப்ரின் 2 வயசிலேயே சறுக்கினாளே!' என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். 2014-ல் சோச்சி ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 18. ஆனால் அந்த 2 வயசுக் குழந்தை முதலில் சறுக்கியது அமெரிக்காவில் தன் வீட்டு வாசலில். வாசலில் சறுக்குகிற குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் உள்ளே தூக்கிக்கொண்டு போய்விடலாம். வகுப்பு அப்படியா? பணம் கட்டியாகிவிட்டது. சாமான்கள் வாடகைக்கு எடுத்தாகிவிட்டது. 'போதும்' என்று சொல்ல அப்பாவுக்கு மனசு வராது.

உடம்பையும் யோசியுங்கள். சின்னக் குழந்தைக்கு உடம்பை ஒப்பிட்டால் தலை பெரிசு, பேலன்ஸ் கஷ்டம். உடம்புச் சூடு பெரியவர்களைவிடச் சீக்கிரம் இறங்கும். காலில் வளையாத பூட்ஸ். பிரேக் போட, சறுக்குக் கட்டைகளின் முன்நுனிகளை நெருக்கி ஆப்பு மாதிரி வைக்க வேண்டும். குழந்தைகளுக்குப் புரியட்டும் என்று வாத்தியார் அதைப் 'பீட்ஸா!' என்பார். தனி வகுப்பில் அது விளையாட்டு. குடும்ப வகுப்பில் மூன்று பேர் கீழே நின்று 'சீக்கிரம் வாடா' என்று கூப்பிடும்போது அது பரீட்சை.

'பயமா இருக்கு, கால் வலிக்குது, நாளைக்குப் பார்க்கலாம்' என்று கோவையாகச் சொல்ல மூன்று வயசுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது அழுகை. அதற்கு நாம் வைத்திருக்கிற பெயர் அடம். அந்தக் குழந்தைக்குப் பதிலாக 'வேண்டாம்' என்று சொல்வதற்குத்தான் அந்த எண் அங்கே நிற்கிறது.

இதில் நஷ்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். நிஜமாகவே தயாராக இருக்கிற ஒரு குழந்தை ஒரு வருஷம் காத்திருக்கும். ஆனால் வரம்பு வகுப்புக்குத்தான், பனிக்கு இல்லை. உருளலாம், உருண்டை பிடித்து அப்பா மேல் எறியலாம், யாரும் வயசு கேட்கப்போவதில்லை. மலையும் அடுத்த வருஷம் அங்கேயேதான் இருக்கும். பயம் ஒருமுறை உள்ளே போய்விட்டால், அதைக் கரைக்க வெயில் போதாது.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பீர்கள். சரி, பழமொழியே ஐந்து என்றுதானே சொல்கிறது? மூன்று என்று சொல்லவில்லையே!

ஆகவே எந்த வகுப்பானாலும், 'என் குழந்தையால் முடியுமா?' என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது 'போதும்' என்றால் காது கொடுத்துக் கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்?