வெற்றி எனும் சொல்

'படம் தோல்வி' என்கிறோம். எதன் தோல்வி? 1959-இல் வெளிவந்த குருதத்தின் 'காகஸ் கே பூல்' கொட்டகைகளில் விலைபோகவில்லை. அதன்பின் அவர் தம் பெயரில் எந்தப் படத்தையும் இயக்கவில்லை. மறு ஆண்டே, அவர் தயாரித்து நடிக்க, எம். சாதிக் இயக்கிய 'சௌத்வீன் கா சாந்த்' வந்தது. லக்னோ முஸ்லிம்களின் வாழ்வைப் பின்புலமாகக் கொண்ட கதை, மக்கள் திரண்டனர். ஆனால் பிற்காலத்தார் பெரிதும் தேடிப் போற்றியது முந்தைய படத்தையன்றோ! படச்சுருளில் ஓர் அங்குலமும் மாறவில்லை. பார்த்த கண்களே மாறின.

அதற்காக, கூட்டம் கண்ட படமெல்லாம் தாழ்ந்தது என்பாரையும் ஏற்பதற்கில்லை. அது கற்றோர் செருக்கு. வசூல், எத்தனை பேர் வந்தனர் என்பதற்குச் சாட்சி. 'எனக்குப் பிடித்தது' என்பது என் நெஞ்சுக்குச் சாட்சி. இரண்டிலும் பொய்யில்லை. தான் காணாததற்குச் சாட்சி சொல்லப் புகும்போதே இரண்டும் பொய்க்கின்றன. 'எனக்குப் பிடிக்கவில்லை; ஆயினும் வெற்றிப் படம்' என ஒப்புக்கொள்ள நம் நா ஏனோ கூசுகிறது. 'வசூலாகவில்லை, ஆயினும் நல்ல படம்' என்பதற்கோ இன்னும் கூசுகிறது. குருதத்தின் படத்தைப் பற்றி அச்சொல் பரவுவதற்குள் 1964-இல் அவர் மறைந்துவிட்டார்.